நஞ்சேறிய நிலத்தைச் சீர்செய்யும் செலவு அரசுடையதா?

3 ஆகஸ்ட் 2025: வியாசர்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை அகழ்ந்து மீட்க 640 கோடி ரூபாய் செலவாகிறது. அது மாநகராட்சியின் நிலம், ஊரார் போட்ட குப்பை. ஆகவே அரசு செலவழிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மத்திய அரசு சென்ற மாதம் வெளியிட்ட விதிகளின்படி, தனியார் ஆலைகள் கெடுத்துப்போட்ட நிலத்துக்கும், கெடுத்தவர் அகப்படாவிட்டால், மத்திய மாநில அரசுகளே பணத்துக்கு வழி செய்ய வேண்டுமாம். ஆலை முதலாளி லாபத்தோடு போய்விட, நாம் வரி கட்டி மண்ணைச் சுத்தம் செய்து, பிறகு அங்கே அடுக்குமாடி கட்டுபவர் இன்னொரு லாபம் பார்ப்பதா? என்னைக் கேட்டால் தனியார் நிலத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

4 ஆகஸ்ட் 2025, காலை

நான் சென்னையில் கட்டுமானத்துக்கு முந்தைய மண் பரிசோதனைத் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன். இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. முடிவு மட்டும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2025 ஜூலை 24 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட, மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளைத்தான் கேள்வியாளர் குறிப்பிடுகிறார். உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வையும், அதன்பின் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடமே சீரமைப்புச் செலவைப் பெற வேண்டும். அது முடியாத இடத்தில் மட்டும் அரசுகள் பணத்துக்கு வழி செய்ய வேண்டும். ஆகவே இது தனியாருக்கு எழுதிக்கொடுத்த வெற்றுக் காசோலை அல்ல. என் கவலை வேறு. கண்டுபிடித்த இடத்தை எந்தக் கெடுவுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட மாசுபட்ட இடங்கள் 103. அவற்றுள் சீரமைப்பு தொடங்கியவை 7 மட்டுமே. இந்த இடைவெளிக்குப் பணமும் ஒரு பெரிய காரணம்.

ஒரு ரூபாயும் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். ஆலை முதலாளி அந்த நிலத்தின் பக்கம் இருந்திருக்கவே மாட்டார். பக்கத்துத் தெருவில் அரை கிரவுண்டில் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) வீடு கட்டி, ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழ்பவர்தான் இருப்பார். செலவழிக்காத அரசின் கணக்கு அவருடைய வீட்டில், கேன் தண்ணீருக்கும் மருத்துவருக்கும் அவர் கொடுக்கும் பணமாக எழுதப்படுகிறது. அந்தக் கணக்கை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

4 ஆகஸ்ட் 2025, இரவு

கொடுங்கையூர்த் தொகையைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருப்பதால் விவரத்தைப் பதிவு செய்கிறேன். மொத்தம் 640.83 கோடி. தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் பங்கு 25 சதவீதம்; மீதியை மாநில அரசும் மாநகராட்சியும் ஏற்கின்றன. எனவே "மோடி அரசு கொடுத்த பணம்" என்பதும் "மாநகராட்சியின் சொந்தப் பணம்" என்பதும் இரண்டுமே அரைகுறையான பேச்சு.

252 ஏக்கரில் 66.52 லட்சம் டன் பழைய குப்பை. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 963 ரூபாய். ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி. நம் ஊர்க் கணக்கில் கிரவுண்டுக்கு 14 லட்சம். தென்சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 225 ஏக்கருக்கு 350.65 கோடி என்பதால் கிரவுண்டுக்கு எட்டரை லட்சத்தை ஒட்டி வரும். இந்தக் கிரவுண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

6 ஆகஸ்ட் 2025

நிலம் கெட்டிருப்பது கட்டுவதற்கு முன்பே மண் பரிசோதனையில் தெரிந்துவிடுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுப் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்ற என் கருத்து இதிலிருந்துதான் பிறக்கிறது.

நாங்கள் செய்வது இதுதான். முக்காலியை நிறுத்தித் துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, மாதிரிக் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கைதான் மண்ணின் தாங்கு திறனுக்கு அடிப்படை. ரசாயனப் பரிசோதனையும் உண்டு. ஆனால் அமிலக் காரத் தன்மை, குளோரைடு, சல்பேட் ஆகிய மூன்றோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். அவை கான்கிரீட்டையும் கம்பியையும் அரிக்குமா என்று பார்ப்பதற்கானவை. ஈயம், குரோமியம், பாதரசம், பெட்ரோலியம் எதையும் யாரும் கேட்பதில்லை. கேட்கச் சொல்லும் விதியும் இல்லை. கட்டடத்தை மண்ணிடமிருந்து காப்பாற்றும் சோதனை நடக்கிறது, குடியிருக்கப் போகிறவரைக் காப்பாற்றும் சோதனை நடப்பதில்லை.

தென்சென்னையின் புறநகரில், முன்பு முலாம் பூசும் பட்டறை இருந்த ஒரு மனையில் துளையிட்டபோது பார்த்ததைச் சொல்கிறேன். மேலே இரண்டு அடி செங்கல் சல்லியும் சிமென்ட் காரையும். அதற்குக் கீழே எடுத்த குழாயை நீளவாக்கில் பிரித்ததும் உள்ளே இருந்த களிமண் எலுமிச்சைத் தோலின் நிறத்தில் இருந்தது. குழாயைக் கழுவிய தண்ணீரும் மஞ்சளாகவே ஓடியது. கையுறை இல்லாமல் மாதிரியைப் பாலித்தீன் பையில் அடைத்த உதவியாளருக்கு விரலிடுக்குகளில் புண் வந்து ஆற நாளாயிற்று. கட்டுமான நிறுவனத்தின் பொறியாளரிடம் சொன்னதற்கு, தாங்கு திறன் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். எங்கள் அறிக்கைப் படிவத்தில் மண்ணின் நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் "மஞ்சள்" என்று பதிவாயிற்று. ஏன் மஞ்சள் என்பதற்குக் கட்டம் இல்லை. அந்த மனையில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது.

7 ஆகஸ்ட் 2025

மஞ்சள் களிமண் இயற்கையாகவே உண்டே என்று கேட்டவருக்கு: உண்டு, சென்னையில் நிறையவே உண்டு. இரும்பு கலந்த களிமண் காவியோ பழுப்போ கலந்த மஞ்சளாக இருக்கும். அதில் கழுவிய தண்ணீரைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் மண் கீழே படிந்து மேலே தெளியும். முலாம் பட்டறைக் கழிவில் வரும் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம், தண்ணீரில் கரைந்து நிற்பது. எவ்வளவு நேரம் வைத்தாலும் மஞ்சள் போகாது. இதை ஆய்வகச் சோதனைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். சந்தேகம் கொள்வதற்கு இது போதும் என்ற அளவில்தான் சொல்கிறேன்.

10 ஆகஸ்ட் 2025

கெடுத்தவரே கட்ட வேண்டும் என்ற நெறியைப் பல பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அந்த நெறியை ஊன்றி நிறுத்திய முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று நம் மாநிலத்துத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பானது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் மாசுத் தண்டம் விதித்து, அதை ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியில் சேர்க்கச் சொன்னது. அந்த ஐந்தில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் உண்டு, பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி எல்லாம் அதற்குள் அடக்கம். நாகல்கேணியைச் சுற்றிய நிலத்தடி நீரில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பின்னரும் பதிவு செய்திருக்கிறார்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பது அந்த வரம்பு. தண்டம் சட்டத்தை நிலைநாட்டியது. மண்ணுக்கு அடியில் போனதை எடுக்க அது போதவில்லை.

அதே வேலூர் மாவட்டப் பிரச்சினையில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை அளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிய இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. இது இழப்பீடு பற்றிய ஆணைதான்; ஆனால் நிலச் சீரமைப்புக்கும் இந்த வரிசைதான் சரியென்று நினைக்கிறேன். கெடுத்தவர் யார் என்று வழக்காடி முடியும்வரை நஞ்சு காத்திருப்பதில்லை, நிலத்தடி நீரோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர நகரச் சுத்தம் செய்ய வேண்டிய பரப்பும் செலவும் பெருகுகின்றன.

ராணிப்பேட்டை இதற்குச் சாட்சி. சிப்காட் வளாகத்தில் சுமார் இருபது ஆண்டுகள் குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மூடிய நிறுவனத்திடம் பணத்துக்கு எங்கே போவது? மழைக்காலம்தோறும் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. அங்கே முதல் ஐந்தாண்டிலேயே பொதுப் பணம் இறங்கியிருந்தால் வேலை குவியலோடு முடிந்திருக்கும். தாமதித்ததால் குவியலைச் சுற்றியிருந்த நீரும் அந்த வேலைக்குள் வந்துவிட்டது.

11 ஆகஸ்ட் 2025

மாசுபட்ட இடங்களைச் சீரமைக்கும் அமெரிக்க நிதியான சூப்பர்ஃபண்டைச் சுட்டியவர் அதன் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் லவ் கனால் குடியிருப்பு, ரசாயனக் கழிவைப் புதைத்த வாய்க்காலின் மேல் எழுந்தது என்பது 1978-இல் நாடறியச் சந்தி சிரித்த பிறகு, 1980-இல் அந்தச் சட்டம் வந்தது. கச்சா எண்ணெய்க்கும் குறிப்பிட்ட ரசாயனங்களுக்கும் தனி வரி போட்டு, அநாதையாக விடப்பட்ட இடங்களை அந்த நிதியிலிருந்து சுத்தம் செய்தார்கள். வரி கட்டியது அதே தொழில்துறை என்பதால் கெடுத்தவரே கட்ட வேண்டும் என்ற நியாயமும் அங்கே நிறைவேறியது. ஆனால் 1995-இல் அந்த வரி காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. நிதி கரைந்து, பொது வருவாயை நம்பி நிற்கும்படி ஆயிற்று. ரசாயன வரி 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் மீண்டு வந்தது, எண்ணெய் வரி அதற்கு அடுத்த ஆண்டில்.

இங்கும் அதற்கு இணையான ஒன்று நடந்தது. 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை போட்டுத் தேசியத் தூய எரிசக்தி நிதியைத் தொடங்கினார்கள். தீர்வை 2016-இல் 400 ரூபாய் வரை உயர்ந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வருவாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது. எண்ணூர் கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலைய உலர்சாம்பலைப் பார்த்தவர்களுக்கு, நிலக்கரிப் பணம் எங்கே போயிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தனி நிதி என்று பெயர் வைத்தால் போதாது, அதை வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி சட்டத்தில் பூட்டிவைக்க வேண்டும்.

12 ஆகஸ்ட் 2025

"நிலத்தின் விலையே போதும், கட்டுநரே சுத்தம் செய்துகொள்வார், அரசு ஏன்?" என்ற அண்ணா நகர் நண்பருக்கு: நகரத்தின் மையத்தில் உங்கள் பேச்சு சரி. அங்கே ஒரு கிரவுண்டு கோடிகளில் விற்கிறது; கிரவுண்டுக்குப் பதினைந்து இருபது லட்சம் சுத்தம் செய்யச் செலவானாலும் கட்டுநருக்குக் கட்டுபடியாகும். அங்கே மானியம் கொடுப்பது தவறு. அதிகபட்சம், ஆய்வுக்கும் சீரமைப்புக்கும் வட்டி குறைந்த கடன்.

மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டையின் சில பகுதிகள் அப்படியல்ல. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று வகுத்த 43 தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. தண்டையார்பேட்டை டி.எச். சாலையில் 2013-இல் குழாய்க் கசிவால் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது வடசென்னைக்காரர் எவருக்கும் மறந்திருக்காது. நிலத்தின் விலை குறைவாகவும் கெடுதல் ஆழமாகவும் இருக்கும் அங்கே எந்தக் கட்டுநரும் தானாகச் சுத்தம் செய்ய வரமாட்டார். சந்தையை நம்பி விட்டால் தென்சென்னை சுத்தமாகும், வடசென்னை அப்படியே கிடக்கும். பொதுப் பணத்தின் முதல் உரிமை வடசென்னைக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

12 ஆகஸ்ட் 2025, இரவு

மேலே கொடுங்கையூர்க் கணக்கிலிருந்து "பதினைந்து இருபது லட்சம்" என்று எடுத்ததற்கு ஒரு வரம்பு சொல்ல வேண்டும். குப்பையைத் தோண்டிச் சலிப்பதும், குரோமியமோ கரைப்பான்களோ ஊறிய களிமண்ணைச் சுத்தம் செய்வதும் ஒரே வேலை அல்ல. குரோமியமானால் இரும்புச் சல்பேட் போன்றவற்றை மண்ணுக்குள் செலுத்தி, ஆறு இணைதிறனை மூன்றாகக் குறைத்து அங்கேயே அசையாமல் நிறுத்தும் முறை உண்டு. எண்ணெயானால் காற்றையும் நுண்ணுயிரையும் கொண்டு சிதைக்கலாம். பாதரசமானால் மண்ணை எடுத்துச் சூடாக்கியோ கழுவியோதான் பிரிக்க வேண்டும். செலவு பொருளுக்குப் பொருள் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். அதனால்தான் முதலில் ஆய்வு, பிறகு தொகை என்கிறேன். ஆய்வில்லாமல் ஒதுக்கும் தொகை ஒன்று வீணாகும், அல்லது பாதியில் தீர்ந்துபோகும்.

17 ஆகஸ்ட் 2025

கேள்வியாளரின் அடிப்படைக் குறைக்கு இப்போது வருகிறேன்: நம் பணத்தில் சுத்தமான நிலத்தை விற்று இன்னொருவர் லாபம் எடுப்பது. இதைத் தடுக்க முடியும்.

அமெரிக்காவில் 2002 ஜனவரியில் கையெழுத்தான கைவிடப்பட்ட தொழில் நிலங்களுக்கான சட்டம் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. வாங்குவதற்கு முன் நிலத்தின் பழைய பயன்பாட்டை முறையாக விசாரித்தவருக்கு, முந்தையவர் செய்த கெடுதலுக்கான பொறுப்பிலிருந்து விலக்கு அளித்தது. அதே சமயம், அரசு செலவழித்துச் சுத்தம் செய்ததால் நிலத்தின் மதிப்பு உயர்ந்து, அந்தச் செலவு அரசுக்குத் திரும்பாமல் இருந்தால், உயர்ந்த மதிப்பின் மேல் அரசுக்கு ஒரு பற்றுரிமையைக் கொடுத்தது. விற்கும்போது அரசின் பங்கைத் தீர்த்தாக வேண்டும். இந்த இரண்டாவது பாதியை இங்கே யாரும் பேசுவதில்லை.

நம்மிடம் இதற்கான கருவி தயாராகவே இருக்கிறது. ஒரு மனையின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அது பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிதழில் தெரிகிறது. அரசு அந்த மண்ணுக்குச் செலவழித்த தொகையையும் கடனாக அதே சான்றிதழில் ஏற்ற வேண்டும். கூடவே, அந்த இடத்தில் என்ன ஆலை இருந்தது, என்ன சோதிக்கப்பட்டது, எந்த அளவுக்குச் சுத்தமானது என்பதும் அதில் ஏற வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் அடமானத்தைப் பார்க்காமல் மனை வாங்க மாட்டோம். மண்ணில் ஈயம் இருப்பதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சோதனையை எந்த இடத்தில் கட்டாயமாக்குவது என்றால், நில வகைப்பாடு மாற்றத்தில். மூடிய ஆலையின் நிலம் குடியிருப்பாக வேண்டுமானால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம் தொழிற்சாலை வகைப்பாட்டிலிருந்து மாற்றம் கேட்டாக வேண்டும்; பெரிய மனைகள் எல்லாம் அந்த ஒரு வாசலைக் கடந்துதான் வெளியே வரும். மாசு ஆய்வறிக்கை இல்லாமல் அந்த மாற்றம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கட்டுநர்களிடம் ஏற்கெனவே உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வகைப்பாடு மாற்றத்தால் வரும் மதிப்பு உயர்விலும் ஒரு பங்கை வாங்கி, மணலிக்கும் எண்ணூருக்கும் ஆகும் செலவுக்கு ஒதுக்கலாம். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்த திட்டம் தயாராகி வருகிறது. இதைக் கேட்க இதைவிட ஏற்ற நேரம் வராது.

18 ஆகஸ்ட் 2025

சிறு மனைகள் அந்த வாசல் வழியாக வருவதில்லையே என்று எழுதியவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். முலாம் பட்டறையும், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் உருக்குவதும், சாயப் பட்டறையும் குடியிருப்பு வகைப்பாட்டிலேயே, வீட்டுக் கொல்லையிலேயே நடந்தவை. எலுமிச்சை நிற மண்ணைப் பார்த்ததாக நான் சொன்ன மனையும் ஏறத்தாழ அந்த ரகந்தான். இவற்றுக்கு நில வகைப்பாடு உதவாது. மாநகராட்சியின் பழைய தொழில் உரிமப் பதிவேடுகளையும், மின் வாரியத்தின் பழைய தொழில் இணைப்புகளையும், வார்டில் வயதானவர்களின் நினைவையும் சேர்த்துத் தெருவாரியாக ஒரு வரைபடம் போட வேண்டும். அது பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய வேலை. எந்தத் தனியாரும் அதற்குச் செலவழிக்க மாட்டார். அகழ்வுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் தொகை மிகச் சொற்பம்.

23 ஆகஸ்ட் 2025

கொடுங்கையூர், பெருங்குடி வேலைகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டவர்களுக்கு.

அந்த வேலை நடப்பது நல்லது. அகழ்ந்த குப்பையை உயிரிக் கரைசல் தெளித்து வரிசை வரிசையாகக் குவித்து ஆறவைக்கிறார்கள். பிறகு சுழல் சல்லடையில் விட்டு மண், பிளாஸ்டிக், கல், கண்ணாடி, உலோகம் என்று பிரிக்கிறார்கள். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. பதிற்றாண்டுகளாக எரிந்து புகைந்த மேடு கண்முன்னே தாழ்வது சாதாரண மாற்றம் அல்ல, அந்தப் புகையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஒப்பந்தம் பேசுவது டன் கணக்கில். பத்திரிகைச் செய்தியும் "இத்தனை சதவீதம் அகற்றப்பட்டது" என்றே வருகிறது. குப்பையை எடுத்த பிறகு எஞ்சும் தரையில் பல பத்தாண்டுகளாக இறங்கிய கசிவுநீர் இருக்கிறது. சல்லடையில் விழும் மெல்லிய மண்ணில் கன உலோகங்கள் சேர்ந்திருக்கும்; அதைத் தோட்டத்துக்குப் போடலாமா, பள்ளம் நிரப்ப மட்டும் போடலாமா என்பது ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே சொல்ல வேண்டியது. நான் பார்க்க விரும்பும் எண் வேறு: சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் ஈயமும் குரோமியமும் அம்மோனியாவும் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறைகின்றன என்பது. அந்த எண் குறைந்தால்தான் நிலம் சுத்தமாகிறது என்று பொருள். ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையை அந்த எண்ணோடு கட்டிப்போட வேண்டும்.

அடுத்த பயன்பாடு இன்னொரு கேள்வி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அந்தச் சதுப்பு 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே மீட்ட நிலத்தை ஒரு கிரவுண்டுகூட விற்கக் கூடாது. போட்ட பணம் பணமாகத் திரும்பாது, வெள்ளம் தேங்க இடமாகத் திரும்பும். அதை நட்டம் என்று கணக்கெழுதுவோர் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர்கள். கொடுங்கையூரில் குப்பை எரிவுலை அமைக்கும் திட்டத்தை அங்குள்ளவர்கள் எதிர்க்கிறார்கள். பொதுப் பணத்தில் ஒரு கெடுதலை அகற்றி, அதே மக்களின் வாசலில் இன்னொரு புகைபோக்கியை நிறுத்துவது அந்தச் செலவின் நோக்கத்தையே முறிக்கும். வடசென்னை ஏற்கெனவே இந்த நகரத்துக்காக அளவுக்கு மேல் சுமந்துவிட்டது.

24 ஆகஸ்ட் 2025

"எவ்வளவு சுத்தம் போதும்?" என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார் ஒருவர். செலவின் பெரும்பகுதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குக் குறைத்தால் போதுமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்று ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. அங்கே செலவு நிறுவனத்துடையது, அப்படியிருந்தும் அந்த எண்ணுக்காக மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985-இல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக்கியபோது எல்லா மண்ணையும் தோண்டவில்லை. மிகக் கெட்டதைப் பழைய தொட்டிகளுக்குள் அடைத்து மூடிவிட்டு, மற்ற இடங்களில் மரம் வளரவிட்டார்கள். பூங்காவுக்கு அது போதும். குழந்தை மண்ணில் விளையாடும், கிணற்று நீரைக் குடிக்கும் இடத்துக்கு அது போதாது. பொதுப் பணம் ஒதுக்கும் ஆணையிலேயே எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த அளவுக்கு என்று எண்ணால் எழுத வேண்டும். பூங்கா என்று சொல்லிச் சுத்தம் செய்த இடம் பின்னர் குடியிருப்பாக மாறினால் மறு ஆய்வு கட்டாயமாக வேண்டும்.

27 ஆகஸ்ட் 2025

இதுவரை யாரும் தொடாத ஒன்று: தோண்டிய மண் எங்கே போகிறது?

பழைய தொழில் மனையில் இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் தோண்டினால் நூற்றுக்கணக்கான லோடு மண் வெளியேறும். அது குப்பை அல்ல, விலை உள்ள சரக்கு. இரவில் லாரி ஏறி, புறநகரில் தாழ்வான மனைகளுக்கும் ஏரிக்கரையை ஒட்டிய புது லேஅவுட்டுகளுக்கும் நிரப்பு மண்ணாக விற்பனையாகிறது. வாங்குபவர் கேட்பது "களிமண்ணா, சவுடா, லோடு எவ்வளவு?" என்பதுதான். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். ஓரிடத்தில் அடங்கிக் கிடந்த நஞ்சு இப்படி நான்கு இடத்துக்குப் பரவுகிறது. கெடுத்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன்பின் எவராலும் ஆகாது. ஆய்வில்லாமல் தோண்டுவதைத் தடுப்பது எந்தச் சீரமைப்பு நிதியைக் காட்டிலும் மலிவு.

2 செப்டம்பர் 2025

நாகல்கேணியில் வசிக்கும் வாசகி, தன் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீர் பக்கெட்டில் மஞ்சளாகத் தெரிவதாகவும், சோதனைக்கு யார் பணம் தருவார்கள் என்றும் கேட்டிருக்கிறார். அம்மா, புதிய விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடத்தைப் பட்டியலிடுவது உள்ளாட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்தின் கடமை, அதைச் சோதிப்பது மாநில வாரியத்தின் கடமை. விரிவான சோதனைக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஆயினும் மனுவோடு ஒரு முதற்கட்ட அறிக்கை இருந்தால் அதை ஒதுக்கிவைப்பது கடினம். தெருவில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் இரண்டு கிணறுகளின் நீரை மட்டும் கொடுங்கள். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதற்கு அமிலம் இட்ட பாட்டிலை ஆய்வகமே தரும். இரண்டாவதற்கு அமிலம் சேர்க்கக் கூடாது, ஐஸ் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, தொட்டியில் பிடிக்காமல் நேராகக் குழாயில் பிடியுங்கள்.

மனுவில் கிணற்றின் ஆழம், நிறம் எந்த ஆண்டிலிருந்து மாறியது, அருகில் எந்தத் தொழில் எந்த ஆண்டுவரை நடந்தது என்பதை எழுதுங்கள். 2025-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அரையாண்டுப் பட்டியலில் சேர்க்கக் கோருவதாக முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அதைச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, நகல்களைத் தாம்பரம் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். மூன்று இடத்திலும் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 90 நாள் கணக்கைக் கேட்க அதுதான் ஆதாரம். அறிக்கை வரும்வரை அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம். கொதிக்கவைத்தாலும் குரோமியம் போகாது.